டிரஸ்ட் எழுதும் முன்: வரிக் கணக்கு வேறு, சலுகைக் கணக்கு வேறு

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வசிக்கிறோம். மகனுக்கு ஆட்டிசம். இங்கேயே பிறந்தவன், வரும் மார்ச்சில் 18 முடிகிறது. அவனுக்கு ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் (அரசு சலுகை போகாமல் அவனுக்கான பணத்தை வேறொருவர் நிர்வகிக்கும் ஏற்பாடு) எழுதி வைக்கச் சொல்கிறார்கள். “டிரஸ்ட் என்றால் 37 சதவீதம் வரி போய்விடும், பேசாமல் எல்லாவற்றையும் மகள் பெயரில் எழுதிவிடு, அவள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள்” என்று சொல்பவர்களும் உண்டு. மகன் பெயரில் யூட்மா கணக்கில் (சிறுவருக்காகப் பெரியவர் நிர்வகிக்கும் கணக்கு) 36,000 டாலர் இருக்கிறது. கணவரின் ஓய்வூதியச் சேமிப்பு (401கே) பெரிய தொகை. கோயம்புத்தூரில் மாமனார் தன் வீட்டைப் பேரன் பெயருக்கு உயில் எழுதப் போவதாகச் சொல்கிறார். இங்கேயே இருக்கும் கொழுந்தனாரும் தன் உயிலில் அவனுக்கு ஒரு லட்சம் டாலர் வைக்க விரும்புகிறார். எதை எப்படிச் செய்வது? – பெயர் வேண்டாம்.

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஐ.ஆர்.எஸ். பார்க்கும் வரிக் கணக்கு ஒன்று. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பார்க்கும் சலுகைக் கணக்கு இன்னொன்று. ஒரே டாலருக்கு இரண்டும் வெவ்வேறு பெயர் வைக்கும். வரிக்கு வருமானமாக இருப்பது எஸ்.எஸ்.ஐ.க்கு (வசதி குறைந்த இயலாமையுள்ளோருக்கும் முதியோருக்கும் அரசு தரும் மாத உதவித்தொகை) வருமானமே இல்லாமல் போகலாம், தலைகீழாகவும் நடக்கலாம். வருமான வரி மட்டும் பார்ப்பவரிடமோ உயில் மட்டும் எழுதுபவரிடமோ போனால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். கீழே உள்ள தொகைகள் 2025-ம் ஆண்டுக்கானவை. பெரும்பாலானவை ஆண்டுதோறும் கொஞ்சம் உயரும்.

முதலில் சலுகை. எஸ்.எஸ்.ஐ. மாதம் 967 டாலர். இது மத்திய அரசின் பங்கு மட்டும். ஆனால் நீங்கள் காக்க வேண்டியது இந்தப் பணத்தை அல்ல, இதன் வாலைப் பிடித்து வரும் மெடிகெய்டை, அதாவது அரசு மருத்துவக் காப்பீட்டை. நியூ ஜெர்சியில் எஸ்.எஸ்.ஐ. கிடைத்தால் மெடிகெய்டு கூடவே வரும். 21 வயதில் மாநிலத்தின் வளர்ச்சிக் குறைபாடு பிரிவு தரும் பகல்நேரப் பயிற்சி, வீட்டு உதவியாளர், தங்குமிட உதவி எல்லாவற்றுக்கும் மெடிகெய்டுதான் நுழைவுச் சீட்டு. அவற்றைக் கைக்காசு கொடுத்து வாங்குவது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது.

18 வயது வரை பெற்றோர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால்தான் இதுவரை உங்களுக்குக் கிடைத்திருக்காது. பிறந்தநாள் மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் அவன் வருமானம், அவன் சொத்து மட்டுமே கணக்கு. ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். எஸ்.எஸ்.ஐ. விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வரும். விட்டுப்போன மாதங்களுக்குப் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். அவன் பெயரில் இருக்கக்கூடிய சொத்தின் வரம்பு 2,000 டாலர். 1989-ல் வைத்த எண், இன்னும் அசையவில்லை. பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்துச் சேர்ந்த தங்கக் காசுகள்கூட இதில் எண்ணப்படும். அவன் அணியும் சங்கிலி எண்ணப்படாது, பெட்டியில் முதலீடாக வைத்த காசு எண்ணப்படும்.

டிரஸ்டில் இரண்டு சாதி உண்டு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும் நஷ்டம் வருகிறது. மற்றவர்கள் பணத்தில், அதாவது உங்கள் பணம், தாத்தா பணம், சித்தப்பா பணத்தில் உருவாவது மூன்றாம் நபர் டிரஸ்ட். அவன் காலத்துக்குப் பின் மிச்சம் மகளுக்குப் போகலாம். மாநிலத்துக்கு ஒரு சென்ட்கூட வேண்டியதில்லை. அவனுடைய சொந்தப் பணத்தில் உருவாவது முதல் நபர் டிரஸ்ட். அதை 65 வயதுக்குள் தொடங்க வேண்டும். அவனுக்குப் பின் மிச்சத்திலிருந்து மெடிகெய்டு செலவை மாநிலம் முதலில் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரங்கள் சிலவற்றில் இந்தத் திருப்பிச் செலுத்தும் பிரிவை மூன்றாம் நபர் டிரஸ்டிலும் ஒட்டிவிடுகிறார்கள். தேவையே இல்லாமல் உங்கள் வீட்டை மாநிலத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் அது. வரைவு கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பிரிவைத் தேடுங்கள். இரண்டாவதாக, “மகனின் உடல்நலம், கல்வி, பராமரிப்புக்குத் தர வேண்டும்” என்ற வழக்கமான வாசகம் இருக்கிறதா பாருங்கள். சாதாரண டிரஸ்டுக்கு அது நல்ல வாசகம், இங்கே விஷம். “தர வேண்டும்” என்றால் அவனுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது, உரிமை இருந்தால் அது அவன் சொத்து. கொடுப்பதும் கொடுக்காததும் முழுக்க டிரஸ்டியின் (டிரஸ்டை நிர்வகிப்பவரின்) விருப்பம் என்றே இருக்க வேண்டும்.

மகள் பெயரில் எழுதும் யோசனைக்கு வருகிறேன். அவள் நல்லவள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவள் பெயரில் இருப்பது சட்டப்படி அவள் பணம். விவாகரத்து, கார் விபத்து வழக்கு, கடன், தம்பிக்கு முன்பே அவள் இறப்பது – இதில் எது நடந்தாலும் அந்தப் பணத்தில் தம்பி பங்கைப் பிரித்துக் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. அவள் கல்லூரிக்குப் போகும் தன் பிள்ளைக்கு நிதியுதவி கேட்கும்போதும் அது அவள் சொத்தாகத்தான் எண்ணப்படும். அவளை டிரஸ்டியாக்குங்கள், உரிமையாளராக்காதீர்கள்.

இனி அந்த 37 சதவீதம். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறார்கள். நீங்கள் உயிருடன் இருக்கும்வரை இந்த டிரஸ்ட் பெரும்பாலும் உங்கள் வரித் தாளிலேயே அடங்கும் வகையில்தான் எழுதப்படும். தனி வரி கிடையாது. உங்கள் காலத்துக்குப் பின்தான் அது தனி ஆளாகி, தனி வரி எண் வாங்கி, ஆண்டுதோறும் 1041 படிவம் போடும். அப்போதுதான் இந்த அடுக்கு பொருந்தும்: 3,150 டாலர் வரை 10 சதவீதம், 11,450 வரை 24, 15,650 வரை 35, அதற்கு மேல் 37. தனி மனிதர் 6,26,350 டாலர் தாண்டித் தொடும் 37 சதவீதத்தை டிரஸ்ட் 15,650-லேயே தொட்டுவிடும். வட்டி, ஈவுத்தொகை போன்ற முதலீட்டு வருமானமாக இருந்தால் அதே இடத்தில் 3.8 சதவீதம் கூடுதல் வரியும் தொடங்கும்.

இது உள்ளேயே தங்கும் வருமானத்துக்குத்தான். அந்த ஆண்டே மகனுக்காகச் செலவழித்த வருமானம் கே-1 என்ற தாள் வழியாக அவன் வரிக் கணக்குக்கு மாறிவிடும். டிரஸ்டுக்கு அந்த அளவுக்குக் கழிவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் காலத்துக்குப் பின் 401கே சேமிப்பிலிருந்து டிரஸ்டுக்கு ஓர் ஆண்டில் 30,000 டாலர் வருகிறது, வேறு வருமானம் இல்லை, மகனுக்கும் வேறு வரி வருமானம் இல்லை, அவனை யாரும் தங்கள் வரித் தாளில் சார்ந்தவனாகக் காட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுவதையும் டிரஸ்ட் உள்ளே வைத்துக்கொண்டால், சாதாரண டிரஸ்டுக்குரிய 100 டாலர் விலக்குப் போக 29,900-க்கு மத்திய வரி 9,049.50 டாலர். அதே டிரஸ்ட் ‘தகுதி பெற்ற இயலாமை டிரஸ்ட்’ என்ற நிலையில் இருந்தால் விலக்கு 5,100 டாலர்; வரி 7,199.50. பாதியை, அதாவது 15,000-த்தை மகனுக்குச் செலவழித்தால் அவனுடைய 15,750 டாலர் நிலையான கழிவுக்குள் அது மறைந்துவிடும், அவனுக்கு வரி இல்லை. உள்ளே தங்கிய மீதி 15,000-த்தில் 5,100 போக 9,900-க்கு வரி 1,935. முழு 30,000-த்தையும் அவனுக்கே செலவழித்தால் அவன் கட்ட வேண்டியது 1,471.50 மட்டும். ஆக 37 சதவீதம் என்பது ஒரு பூதம். ஆண்டு முடிவில் டிரஸ்டி கணக்கைப் பார்க்காமல் தூங்கினால் மட்டும் வரும். தூங்கிவிட்டாலும் ஒரு சலுகை உண்டு: மறு ஆண்டின் முதல் 65 நாட்களுக்குள், அதாவது வழக்கமாக மார்ச் 6-க்குள் செலவழித்ததை முந்தைய ஆண்டுக் கணக்கில் சேர்க்க 1041 படிவத்தில் ஒரு தெரிவு இருக்கிறது. சொத்து விற்ற லாபம் மட்டும் பெரும்பாலும் இப்படி மகனுக்கு மாறாது. டிரஸ்டிலேயே தங்கி வரியாகும்.

அந்த 5,100 டாலர் விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. திரும்பப் பெற முடியாத, தனியாக வரி கட்டும் டிரஸ்டாக இருக்க வேண்டும். தொடங்கும்போது மகனுக்கு வயது 65-க்குள் இருக்க வேண்டும். அவன் உயிருடன் உள்ளவரை அவன் ஒருவனுக்காக மட்டுமே இருக்க வேண்டும். அவனுக்கு இயலாமை உண்டு என்று சோஷியல் செக்யூரிட்டி முடிவு செய்திருக்க வேண்டும். “அவசரத்துக்கு மகளுக்கும் கொடுக்கலாம்” என்று ஒரு வரி சேர்த்தால் விலக்குப் போச்சு. மகள் பெயர் அவனுக்குப் பின் மிச்சம் பெறுபவராக மட்டும் வரட்டும். இன்னொரு நன்மை: இந்த நிலையிலுள்ள டிரஸ்டிலிருந்து பிள்ளைக்கு வரும் வருமானத்தைப் பெற்றோர் விகிதத்தில் வரி போடும் ‘கிட்டி டாக்ஸ்’ தொடாது, அந்த விதிக்கு மட்டும் அதை உழைத்துச் சம்பாதித்த பணம்போல் கருதுவார்கள்.

இப்போது அதே செலவைச் சலுகைக் கண்ணாடியில் பாருங்கள். மகனுக்கு 600 டாலரில் ஒரு டேப்லெட் வேண்டும். டிரஸ்டி கடைக்கு நேரடியாகக் கட்டினால் எஸ்.எஸ்.ஐ.யில் ஒரு சென்ட்கூடக் குறையாது. ஆனால் கே-1-ல் அந்த 600 ஏறும். அதே 600-ஐக் கையில் கொடுத்து “நீயே வாங்கிக்கொள்” என்றால், முதல் 20 டாலர் போக 580 அந்த மாத எஸ்.எஸ்.ஐ.யிலிருந்து கழியும், 967 வர வேண்டிய இடத்தில் 387. மறுபடி விற்கக்கூடிய கிஃப்ட் கார்டும் பணம்தான். அவன் கிரெடிட் கார்டு பில்லை டிரஸ்ட் கட்டுவது பணம் கொடுத்ததாகாது. அதனால் டிரஸ்டிக்கு ஒரே பழக்கம் போதும்: ரொக்கம் வேண்டாம், ரசீது உள்ள கடைக்காரருக்கு மட்டும் பணம்.

முன்பு உணவும் இப்படி எண்ணப்பட்டது. 2024 செப்டம்பர் 30 முதல் உணவை எடுத்துவிட்டார்கள். டிரஸ்ட் மளிகை பில் கட்டினாலும் கவலையில்லை. பழைய குறிப்பேடு வைத்திருக்கும் ஆலோசகர்கள் இன்னும் “சாப்பாட்டுக்குக் கட்டாதே” என்கிறார்கள். இருப்பிடம் மட்டும் இன்னும் எண்ணப்படும்: வாடகை, வீட்டுக்கடன், சொத்து வரி, மின்சாரம், காஸ், குளிர்கால எண்ணெய், தண்ணீர், கழிவுநீர், குப்பை. போனும் இன்டர்நெட்டும் இதில் சேராது. டிரஸ்ட் எவ்வளவு வாடகை கட்டினாலும் குறைப்புக்கு உச்சவரம்பு உண்டு: எஸ்.எஸ்.ஐ.யில் மூன்றில் ஒரு பங்கும் 20 டாலரும், அதாவது 342.33. வேறு வருமானம் இல்லாதவனுக்கு முதல் 20 தள்ளுபடியாகி, உண்மையில் குறைவது 322.33, கைக்கு 644.67 வரும். என் பார்வையில் 1,500 டாலர் வாடகை வீட்டுக்காக 322 இழப்பது தப்பே இல்லை, எஸ்.எஸ்.ஐ. ஒரு டாலராவது மிஞ்சும்வரை. மெடிகெய்டு அந்த ஒரு டாலரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த 322-யும் காப்பாற்ற வழி இருக்கிறது: ஏபிள் கணக்கு, அதாவது இயலாமையுள்ளவர் பெயரிலேயே வைக்கும் வரிச்சலுகைச் சேமிப்பு. டிரஸ்ட் மாதம் 1,500 டாலரை மகனின் ஏபிள் கணக்கில் போட்டு, வாடகை அதிலிருந்து போனால் குறைப்பு இல்லை. ஆண்டுக்கு 18,000, ஏபிளில் போடக்கூடிய உச்சம் 19,000. ஒரு கவனம் வேண்டும்: வாடகைக்காக எடுத்த பணம் அதே மாதம் வீட்டுக்காரரிடம் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் எடுத்து அடுத்த மாதம் கட்டினால், இடைப்பட்ட ஒன்றாம் தேதியில் அது அவன் சொத்தாக எண்ணப்படும். எஸ்.எஸ்.ஐ.க்கு ஏபிளில் 1,00,000 டாலர் வரை கணக்கில் எடுப்பதில்லை. அங்கே வளரும் லாபத்துக்கு, அவன் இயலாமை சார்ந்த செலவுக்குப் பயன்படும்வரை, வரியும் இல்லை.

உங்கள் 36,000 டாலர் யூட்மாவுக்குப் போகவேண்டிய இடமும் அதுதான். அது ஏற்கெனவே மகனுக்குக் கொடுத்த பணம். அதை எடுத்து உங்கள் மூன்றாம் நபர் டிரஸ்டில் போடக் கூடாது. போட்டால் அவன் பணம் கலந்து, சுத்தமான டிரஸ்டையும் மாநிலம் திருப்பிக் கேட்கும் நிலைக்கு இழுத்துவிடும். நியூ ஜெர்சி யூட்மாவில் பொதுவாக 21 வயதில்தான் பணம் அவன் கைக்கு வரும். அதுவரை சோஷியல் செக்யூரிட்டி அதை அவன் சொத்தாக எண்ணாது. ஆக 18-லேயே பதற வேண்டாம், ஆனால் 21-ஐ நெருங்க விடவும் வேண்டாம். டிசம்பரில் 19,000, ஜனவரியில் மீதி 17,000 என்று இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் ஏபிளுக்கு மாற்றலாம். ஏபிளில் ரொக்கம் மட்டுமே போட முடியும் என்பதால் யூட்மாவிலுள்ள பங்குகளை விற்க வேண்டும். 2,700 டாலரைத் தாண்டும் லாபத்துக்கு உங்கள் விகிதத்தில் வரி வரும். விற்பதையும் அந்த இரண்டு ஆண்டுகளுக்கே பிரித்துவிட்டால் அடி குறையும். அந்த ஆண்டுகளில் வேறு யாரும் ஏபிளில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு கணக்குக்கு மொத்தமாக ஒன்றுதான், போடுபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அல்ல. அவன் காலத்துக்குப் பின் ஏபிளில் மிஞ்சுவதை மெடிகெய்டு செலவுக்காக மாநிலம் கேட்கலாம் என்பதால், அங்கே குவித்து வைப்பதைவிடச் செலவழித்துக்கொண்டே இருப்பது நல்லது.

இரண்டு கணக்கும் நேருக்கு நேர் மோதும் ஓர் இடம் சொல்ல வேண்டும். மெடிகெய்டு எஸ்.எஸ்.ஐ. வழியாக வந்தால் கே-1 தொகை அதைத் தொடாது. எஸ்.எஸ்.ஐ. இல்லாமல், குறைந்த வருமானத்துக்கான பொது மெடிகெய்டில் அவன் இருந்தால், அங்கே வரி வருமானம்தான் அளவுகோல். வரியை மிச்சப்படுத்த அவன் கணக்குக்கு மாற்றிய அதே 15,000 அங்கே வருமானமாக நிற்கும். அவன் மெடிகெய்டு எந்த வழியில் வருகிறது என்பதை டிரஸ்டியும் வரிக் கணக்கரும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கொழுந்தனாரின் ஒரு லட்சம்: மகன் பெயரில் வேண்டாம், டிரஸ்ட் பெயரில் என்பது தெரிந்ததுதான். அதற்காகவே டிரஸ்டை உயிலுக்குள் எழுதாமல் இப்போதே தனிப் பத்திரமாக எழுதிக்கொள்ளுங்கள். உறவினர்கள் தங்கள் உயிலில் குறிப்பிட ஒரு டிரஸ்ட் தயாராக இருக்கும். ஆனால் நியூ ஜெர்சியில் வாரிசு வரி என்று ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கிடையாது; அண்ணன் மகனுக்கு உண்டு, 15 சதவீதம். உயிலில் வைத்தால் 15,000 டாலர் போய்விடும். அதற்குப் பதில் ஓர் ஆயுள் காப்பீடு எடுத்துப் பயனாளியாக டிரஸ்டைக் குறித்தால் அந்த வரி இல்லை, வருமான வரியும் இல்லை.

கோயம்புத்தூர் வீடு. பேரன் பெயரில் வந்தால் அது விற்கக்கூடிய சொத்து. எந்த நாட்டில் இருந்தாலும் 2,000 டாலர் வரம்புக்குள் எண்ணப்படும். அமெரிக்க டிரஸ்ட் பெயருக்கே எழுதச் சொன்னால் இந்திய அந்நியச் செலாவணி விதிகளில் சிக்கி, பத்திர அலுவலகத்தில் அலைச்சல்தான் மிஞ்சும். மாமனார் உங்கள் கணவர் பெயருக்கு உயில் எழுதட்டும். பிறகு விற்று, என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான இந்திய வங்கிக் கணக்கு) வழியாகக் கொண்டுவந்து, கணவர் தன் பணமாக டிரஸ்டில் போடலாம். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை இப்படிக் கொண்டுவர அனுமதி உண்டு. அமெரிக்காவில் இந்த வாரிசுச் சொத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் வெளிநாட்டவரிடமிருந்து ஓர் ஆண்டில் பெற்றது 1,00,000 டாலரைத் தாண்டினால் 3520 படிவத்தில் தெரிவித்தாக வேண்டும். வரியே இல்லாத ஒன்றைத் தெரிவிக்காமல் விட்டதற்கு 25 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

இன்னொன்று, கணவர் ஓய்வு பெறும்போதோ அவர் காலத்துக்குப் பின்போ, 22 வயதுக்கு முன் இயலாமை தொடங்கிய பிள்ளைக்கு அவர் சோஷியல் செக்யூரிட்டியில் பங்கு வரும்: அவர் உயிருடன் இருந்தால் அவர் தொகையில் பாதி, பின்னர் 75 சதவீதம் வரை. இதற்குச் சொத்து வரம்பு இல்லை. ஆனால் கணவர் பெயரில் போதிய வேலைக் காலம் பதிவாகியிருக்க வேண்டும். இந்தியாவில் வேலை பார்த்த ஆண்டுகள் சேராது, இரு நாட்டுக்கும் இடையே அந்த ஒப்பந்தம் இல்லை. அவர் கணக்கில் 40 கிரெடிட் (வேலைக் காலத்தை அளக்கும் அலகு) ஆகிவிட்டதா என்று சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் இன்றே பார்க்கலாம்.

கடைசியாக 401கே. 2020 முதல் பெரும்பாலான வாரிசுகள் பத்தாண்டுக்குள் முழுவதையும் எடுத்தாக வேண்டும். இயலாமையுள்ளவருக்கும், சரியாக எழுதப்பட்ட அவர் டிரஸ்டுக்கும் ஆயுள் முழுக்கப் பிரித்து எடுக்கும் சலுகை உண்டு. அவன் உயிருடன் உள்ளவரை அந்தச் சேமிப்பு வேறு யாருக்கும் போகக் கூடாது என்று டிரஸ்டில் இருக்க வேண்டும். கணக்கு வைத்திருந்தவர் இறந்த மறு ஆண்டு அக்டோபர் 31-க்குள் இயலாமைச் சான்றை நிர்வாகியிடம் கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த பங்கீடு: வரி கட்டாத 401கேயில் அதிகப் பங்கு மகளுக்கு, ஆயுள் காப்பீடும் ராத் சேமிப்பும் (முன்பே வரி கட்டிப் போட்ட ஓய்வூதியச் சேமிப்பு) மகன் டிரஸ்டுக்கு. வரி இல்லாத பணம் இறுக்கமான வரி அடுக்குக்குள் போகட்டும். 401கே படிவத்தில் உங்களுக்கு அடுத்த பயனாளியாக மகன் பெயர் நேரடியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால் உடனே எடுத்துவிட்டு, டிரஸ்ட் பத்திரம் கையெழுத்தானதும் அதன் முழுப் பெயரையும் தேதியையும் போட்டுப் புதுப் படிவம் கொடுங்கள். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பணம் படிவம் சொல்லும் ஆளுக்குத்தான் போகும்.